முனியாண்டி வளைவில் நின்று கிளம்பிய பிக்கப்

ஒரு வண்டிக்கு எவ்வளவு பவர் வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் குதிரைக் கணக்குச் சொல்லமாட்டேன். "முனியாண்டி முன்னால நிப்பாட்டிட்டு மறுபடி கிளம்புற அளவுக்கு வேணும்" என்பேன். போன மாதம் ஹட்டனில் ஒரு கராஜில் இப்படிச் சொல்லப்போய், அங்கே வேலை செய்கிறவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். புத்தம்புது டீசல் பிக்கப் ஒன்றின் ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி, மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பொனட்டைக்கூடத் திறக்கவில்லை.

"பவர் ஏத்தியாச்சுங்க ஐயா. உங்க காலத்துல இதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ரெண்டு மழைக்காலம்" என்றேன்.

சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் நான் சொன்னது பகிடி இல்லை.

நான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெக்டரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தோடு எனக்கு நீண்ட உறவு கிடையாது. வேலை பழகியது என்ஜின் ரூமில், எண்ணெய்த் துணியோடு. ஆங்கிலம் படித்தது உதிரிப்பாகக் கட்டலொக்கில். அதனால் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் இரும்பு. சிங்களம் படித்தது கினிகத்தேனையில் ஒரு கராஜ் பாஸிடம்; கைத்தொழில்காரரை இங்கே பாஸ் என்போம். அதில் பாதி திட்டு. எழுபதுகளில், தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில், ஒரு பெயாரிங் தேடித் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியிருக்கிறேன். கப்பலில் சாமான் தாராளமாக வர ஆரம்பித்த பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் தோட்டத்துக்கும் ஜப்பான் டீசல் பிக்கப் ஒன்று வந்து இறங்கியது. வெள்ளை நிறம். இறங்கிய அன்றைக்கே "வெள்ளச்சி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்தின் அமைப்பைச் சொன்னால்தான் வெள்ளச்சியின் கஷ்டம் புரியும். பெக்டரி காற்றடிக்கிற மேட்டில் இருக்கிறது. டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ரோடும் அந்த மேட்டில்தான். கீக்கணக்கு என்று நாங்கள் சொல்லுகிற கீழ்ப்பிரிவோ ஆற்றோரத்தில், கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. பாரமானது எல்லாம் மேலே ஏற வேண்டும்: கொழுந்து ஏற வேண்டும், காய்ச்சல்காரர் ஏற வேண்டும், கல்யாணப் பெண் ஏற வேண்டும். இத்தனைக்கும் இருந்தது ஒரு வெள்ளச்சி.

ஏற்றத்தின் நடுவில், ரோடு ஆகச் செங்குத்தாகத் திரும்புகிற இடத்தில், ஒரு மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். மாட்டு வண்டிக் காலத்திலிருந்து எந்த வண்டியும் அவருக்கு முன்னால் நிற்காமல் போனதில்லை. நிற்க வேண்டும், யாராவது இறங்கிச் சூடம் கொளுத்த வேண்டும், பிறகுதான் கிளம்ப வேண்டும். எங்கள் டிரைவர் செபமாலை வேதக்காரர். முன் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும், மாதா படம் ஒட்டியிருக்கும். அவரும் நிற்பார்.

"மாதா உள்ள இருக்காங்க, முனியாண்டி வெளிய நிக்கிறாரு. அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு சண்டையும் இல்லண்ணே. நமக்கு என்னா?" என்பார்.

நிற்பது சுலபம். கிளம்புவதுதான் பாடு. முழுக் கொழுந்துப் பாரத்தோடு அந்தச் சரிவில் நின்றால், வெள்ளச்சி மறுபடி ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாள். உறுமுவாள், நடுங்குவாள், அணைந்துபோவாள். கொழுந்தோடு ஏறி வருகிற பெண்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். பிறகு தள்ளுவார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் அதற்கென்றே நல்ல கல்லாகப் பார்த்து அடுக்கி வைத்திருந்தார்கள். தள்ளுகிற கூட்டத்துக்குத் தலைமை அஞ்சலை அக்கா. கொழுந்து எடுப்பதில் கை எவ்வளவு வேகமோ, பேச்சில் வாய் அதைவிட வேகம்.

"வெள்ளச்சிய நாங்கதான் தூக்கிட்டு வந்தோம் கணக்கப்பிள்ளை ஐயா! கொழுந்த நிறுக்கையில இவளையும் சேத்து நிறுங்க!"

இது தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் காதுக்குப் போனது. துரை சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் கொழுந்து கொட்டுற காலம் வரைக்கும் பாக்கிறேன். அதுக்குள்ள இந்த வண்டி ஒழுங்கா ஏறணும். ஏறல்லன்னா பிக்கப்ப டவுன் வேலைக்கு எடுத்துக்குவேன். கீக்கணக்குக்கு ட்ரெக்டர் குடுத்துருவேன்" என்றார்.

அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. ட்ரெக்டர் கொழுந்தை ஏற்றிவிடும். ஆனால் ஸ்பிரிங் இல்லாத அந்தப் பெட்டியில் நோயாளியை எப்படி ஏற்றுவது? வயிற்றுப் பிள்ளைக்காரி எப்படி உட்காருவாள்? கீக்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் அன்று இதுதான் பேச்சு.

நான் முதலில் செய்தது, எந்த மெக்கானிக்கும் முதலில் செய்கிற காரியம். டீசல் பம்பில், உச்சமாக எவ்வளவு டீசல் போகலாம் என்று கட்டுப்படுத்துகிற ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். அடடா! மறுநாள் முனியாண்டி முன்னால் நின்ற வெள்ளச்சி, ஆட்டுக்குட்டி போலத் துள்ளிக் கிளம்பினாள். பெண்கள் குலவை போட்டார்கள். செபமாலை பெக்டரி முற்றத்தில் இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தார். பின்னால் எழும்பிய கரும்புகையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பவர் என்றால் புகை இருக்கும்தானே என்று நினைத்தோம்.

எடுத்துக்கொண்டவர் ஒருவர். பெரிய டீமேக்கர் சிவப்பிரகாசம் ஐயா.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெக்டரி முழுக்க அவர் பொறுப்பு. நானும் அவருக்குக் கீழேதான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், மூக்கு மட்டும் ஒரு முழம் முன்னால் போகும். அவருடைய பெக்டரிக்குள் வாசனைச் சோப்பு போட்டு வரக்கூடாது. தலைக்கு மணக்கிற எண்ணெய் கூடாது. தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பார். காலையில் தேநீர் ருசி பார்க்கிற அறையில் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். கரண்டியில் எடுத்து, விசில் அடிப்பது போல உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்திலிருக்கிற உயரமான பித்தளைப் படிக்கத்தில் துப்புவார். எவ்வளவு நல்ல தேயிலையாக இருந்தாலும் துப்புவார். அந்த அறையில் ஒரு மடக்கு அவர் தொண்டைக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

என்னைக் கூப்பிட்டார். ஒரு கோப்பையை நகர்த்தினார்.

"முத்து, குடி."

குடித்தேன்.

"எப்படி?"

"டீ மாதிரி இருக்குங்க ஐயா."

அவர் ஒரு கரண்டி உறிஞ்சினார். உருட்டினார். துப்பினார்.

"எனக்கு வெள்ளச்சி மாதிரி இருக்கு."

அப்புறம் என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அப்போதுதான் இறக்கிய கொழுந்துச் சாக்கு ஒன்றுக்குள் என் தலையைக் குனிய வைத்தார். பச்சைக் கொழுந்தின் மணத்துக்குள் டீசல் புகை உட்கார்ந்திருந்தது. வளைந்து வளைந்து ஏறுகிற ரோட்டில், கீழே நாம் விட்ட புகை காற்றோடு ஏறி அடுத்த வளைவில் நம்மையே பிடித்துக்கொள்கிறது. சைலன்சர் குழாயை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதே கதைதான்.

அன்றைக்கே திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். ஐயா திட்டவில்லை. போகிற போக்கில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "நம்ம அடுப்புல இவ்வளவு வெறகு எரியுதே, என்னைக்காவது தேயிலையில புகை மணம் வந்திருக்கா? ஏன்னு பாத்தியா?"

தினமும் அந்த அடுப்பைக் கடந்துதான் போவேன். பார்த்ததில்லை. போய் நின்றேன். தேயிலை காயவைக்கிற யந்திரத்துக்குச் சூடு கொடுக்கிற அடுப்பு அது. அடுப்புக்காரர் விறகைக் கையில் எடுப்பதற்கு முன் காற்றுக் கதவைத் திறந்தார். காற்று இரைகிற சத்தம் ஏறும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் ஒரு கட்டை. மறுபடியும் காது கொடுத்தார், அடுத்த கட்டை. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்த்தேன். மெல்லிய நீலம், அவ்வளவுதான்.

"காத்து மொதல்ல, வெறகு பொறவு. மாத்திப் போட்டா கரும்புகை, ஐயா வந்துருவாரு" என்றார் அடுப்புக்காரர்.

எங்கள் மலையில் காற்றே மெலிசு. அதில் நான் டீசலை மட்டும் கூட்டியிருக்கிறேன். புகையாமல் என்ன செய்யும்? வெள்ளச்சிக்குக் காற்று வேண்டும். அப்போதுதான் டர்போ ஞாபகத்துக்கு வந்தது. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றும். அதே அச்சிலுள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும். படத்தில் பார்த்திருந்தேன். துரையிடம் அனுமதி வாங்கிக் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளுக்குள் புகுந்து, உடைத்த லொறியிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ரயிலில் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தேன். றொசல்லயில் ஏறிய ஒரு அம்மா, "கறி அரைக்கிற மிசினா தம்பி?" என்று விசாரித்தார்.

பூட்டுவது லேசான வேலை இல்லை. அந்த விசிறி சுற்றுகிற வேகத்துக்கு எண்ணெய் ஒரு நொடி நின்றாலும் கதை முடிந்தது. எஞ்சினிலிருந்து எண்ணெய் கொண்டுவர மெல்லிய குழாய், திரும்பி வடிய தடித்த குழாய். வடிகிற குழாய் எங்கேயும் மேடு ஏறக்கூடாது, நேரே சரிவாக இறங்க வேண்டும். மூன்று தடவை வளைத்து, மூன்று தடவை கழற்றினேன். எல்லாம் முடித்து, டீசல் திருகையும் மறுபடி கொஞ்சம் திறந்து ரோட்டில் விட்டால், வெள்ளச்சி பறந்தாள்.

"அண்ணே, நோர்வூட் ரோட்டுல பஸ்ஸ முந்திட்டேன்! பஸ் டிரைவர் ரெண்டு கையாலயும் கும்பிட்டான்!" என்றார் செபமாலை.

"ரெண்டு கையாலயுமா? அப்ப ஸ்டியரிங்க யாரு புடிச்சா?"

"அத நான் பாக்கல்ல, நான்தான் முந்திட்டேனே!"

ஆனால் முனியாண்டி முன்னால்? நின்றாள். சூடம் எரிந்தது. கிளம்பச் சொன்னால் இருமினாள், ஒரு கரும்புகை கக்கினாள், அணைந்தாள். பெரிய லொறியின் டர்போ அது. நின்ற இடத்தில் அதைச் சுற்ற வைக்கிற அளவுக்கு எங்கள் சின்ன எஞ்சினில் மூச்சு இல்லை. ஓடுகிறபோது ராஜா, நிற்கிறபோது தூங்குமூஞ்சி.

துரைக்குக் கணக்கு எளிதாகத் தெரிந்தது. "ஓடிக்கிட்டே இருந்தா வண்டி ஏறுதுதானே? அப்ப அங்க நிக்க வேணாம்னு சொல்லு."

செபமாலை ஒருநாள் மனமில்லாமல் நிற்காமல் ஓட்டினார். பின்னாலிருந்து பெண்கள் தகரத்தில் அடித்த அடி ஆற்றுக்கு அப்பால் இருக்கிற தோட்டத்துக்கே கேட்டிருக்கும். மேலே சமதரையில் நிறுத்தியதும் எல்லோரும் இறங்கினார்கள். அவரவர் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஒரு பேச்சும் இல்லாமல் பெக்டரிவரை நடந்தார்கள். அஞ்சலை அக்கா பேசாமல் நடந்ததை அன்றுதான் கண்டேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

துரை இறங்கி வந்தார். "கோயில அந்தச் சமதரைக்கு மாத்துவோம். சீமெந்து போட்டு, தகரம் போட்டு, நல்லா கட்டித் தாரேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அஞ்சலை அக்காவுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. "செய்யலாங்க தொர. மொதல்ல ஒங்க பங்களாவ கீக்கணக்குக்கு எறக்குங்க. பொறவு முனியாண்டிய மேல ஏத்துறதப் பத்திப் பேசுவோம்."

துரையே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் மருமகள் செல்விக்கு அப்போது தலைப்பிள்ளை, மாதம் ஏறிக்கொண்டிருந்தது. போகும்போது அக்கா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "பாஸண்ணே, அந்த ட்ரெக்டர் பொட்டியில இவள ஏத்துனா புள்ள பாதி வழியிலயே குதிச்சு நடந்து வந்துரும். எப்பிடியாவது பாருங்க."

அன்றைக்கு எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்த வளைவில் நிற்பதும் எங்கள் ரோட்டின் ஒரு பகுதிதான், பள்ளம் மேடு போல. தினமும் ஓடுகிற வண்டி என்றால் தினமும் நடக்கிற எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். சாமியை நகரச் சொல்கிற வண்டி பந்தயத்துக்குத்தான் ஆகும்.

மறுபடி பஞ்சிகாவத்தை. இந்த முறை ஆகச் சின்ன டர்போவாகத் தேடினேன். சின்ன விசிறி சீக்கிரம் விழிக்கும். உச்ச வேகத்தில் பஸ்ஸை முந்தாது, பரவாயில்லை. அதோடு, மேலே தொப்பி வைத்தது போலிருக்கிற ஒரு டீசல் பம்பும் கிடைத்தது. அந்தத் தொப்பிக்குள் ஒரு சவ்வு. டர்போவின் காற்று வந்து அதை அமுக்கினால்தான் கூடுதல் டீசலைத் திறக்கும். அடுப்புக்காரரைச் சுருக்கித் தொப்பிக்குள் உட்கார வைத்தது போல! கண்டியில் ஒரு சிங்கள பம்ப் பாஸ் அதை மேசையில் பூட்டி அளவு வைத்தார். நான் அவசரப்பட்டு, "தவ டிக்கக்" என்று இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்வேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, "ஹெமின், ஹெமின்" என்பார். மெதுவாகத்தான் போனோம்.

டிஃபரன்சல் பல்லை அதே கம்பனியின் சின்ன லொறியிலிருந்து எடுத்துப் போட்டேன். வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும். தடித்த ரேடியேட்டர் வைத்தேன். பனிக்காலக் காலையில் ஒரே திருப்பில் உயிர் வர, சூடேற்றுகிற பிளக்குகளையும் மாற்றினேன். எல்லாம் முடிந்தது என்று கை கழுவப் போனபோது செபமாலை கேட்டார்: "ஏறுறதுக்கு இவ்வளவு செஞ்சீங்க. எறங்குறதுக்கு என்னா குடுத்தீங்கண்ணே?" கையைக் கழுவாமலே திரும்பினேன். பிரேக்கையும் அந்த லொறியின் அளவுக்கே மாற்றினேன். இப்போதும் யாராவது பவர் ஏற்ற வேண்டும் என்று வந்தால் முதலில் பிரேக்கைப் பார்க்கச் சொல்கிறேன். அது செபமாலையின் கேள்வி, என் புத்தி இல்லை.

கொழுந்து கொட்டுகிற காலம் வந்தது. துரை நாள் குறித்தார். பகல் கொழுந்து முழுப் பாரத்தோடு ஏற வேண்டும். அவர் பெக்டரி முற்றத்தில் நின்று பார்ப்பார். நான் செபமாலையோடு கீழே இறங்கினேன். சாக்குகளை ஏற்றி முடிக்கிற நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். செல்விக்கு வலி எடுத்துவிட்டது.

"கொழுந்த எறக்கிருவோம், பாரம் கொறையும்" என்றேன்.

"எறக்குற நேரத்துல ஏறிறலாம். அவ சாக்கு மேலயே படுக்கட்டும், மெத்த மாதிரி இருக்கும். இதுக்குத்தானேண்ணே இவ்வளவு பாடு பட்டீங்க?" என்றார் செபமாலை.

செல்வியைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்க வைத்து, மழை படாமல் மேலே படங்குத் துணியைக் கட்டினோம். பக்கத்தில் அஞ்சலை அக்கா. நான் முன்னால். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வளைவு நெருங்கியபோது செபமாலை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இன்றைக்கு ஒரு நாள் நிற்காமல் போனால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? நான் தலையை அசைத்தேன்: போங்கள்.

பின்னால் தகரம் அதிர்ந்தது.

"நிப்பாட்டுங்க! இன்னைக்கு நிக்காம என்னைக்கு நிக்கிறது!"

செபமாலை நிறுத்தினார். பிரேக் பிடித்த பிடியில் வெள்ளச்சி அசையவில்லை. அக்கா குதித்து இறங்கினார். தூறலில் தீக்குச்சி அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு கொளுத்தினார். செல்வி உள்ளே முனகுவது கேட்டது. சூடம் எரிந்து முடியட்டும் என்று காத்திருந்த அந்த நேரத்தை இன்றைக்கும் என்னால் அளந்து சொல்ல முடியாது.

"கல்லு வைக்கவா டிரைவரண்ணே?"

"வேணாங்கா. ஏறுங்க."

செபமாலை மாதாவைத் தொட்டுக்கொண்டார். கிளட்சை மெல்ல விட்டார். நான் பக்கக் கண்ணாடியில் புகைக்காகக் காத்திருந்தேன். எஞ்சின் ஒரு தரம் தாழ்ந்தது. பிறகு எங்கேயோ மெல்லிய விசில் சத்தம் எழும்பியது. சின்ன விசிறி விழித்துவிட்டது. வெள்ளச்சி இழுத்தாள். கண்ணாடியில் தூறல் மட்டும்தான் தெரிந்தது, முனியாண்டி சின்னதாகிக்கொண்டு போனார்.

பெக்டரி முற்றத்தில் துரையும் டீமேக்கர் ஐயாவும் குடையோடு நின்றார்கள். செபமாலை ஹோர்ன் அடித்துக்கொண்டே அவர்களைக் கடந்து டவுன் ரோட்டில் ஏறினார்.

"ஏய், கொழுந்து எங்க போகுது?" என்று துரை கத்தினார்.

நான் தலையை வெளியே நீட்டினேன். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருதுங்க தொர!"

சாயங்காலம் திரும்பி வந்தபோது துரை முற்றத்திலேயே இருந்தார். வெள்ளச்சியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ட்ரெக்டர் வேணாம். இது கீக்கணக்குலயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தை டீமேக்கர் ஐயா தனியாக இறக்கச் சொன்னார். தனியாக இறக்கினால் தனியாக ருசி பார்ப்பார்.

அந்தக் கொழுந்து தேயிலையானதும் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரே ஒரு கோப்பை. இந்த முறை எனக்குக் கொடுக்கவில்லை.

"என்னா புள்ள?"

"பொம்பளப் புள்ளைங்க ஐயா. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

கரண்டியில் எடுத்து உறிஞ்சினார். உருட்டினார். மூக்கு ஒரு முழம் முன்னால் போனது.

"கொழுந்து கொஞ்சம் அவிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல சாக்குலயே சூடேறியிருக்கு."

"ஆமாங்க ஐயா."

"புகை இல்ல."

பித்தளைப் படிக்கத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைக்கக் குனிந்தேன். "வேணாம்" என்று கையைக் காட்டினார். கரண்டியைக் கீழே வைத்தார். கோப்பையைக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கடைசி மடக்குவரை குடித்தார்.